பிடித்த பாட்டை ஏன் ஒளிக்கிறோம்? இசை ரசனை பற்றி ஓர் எளிய விளக்கம்

பாட்டைப் பற்றிப் பேசும்போது நாம் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பேச்சுகளைச் சரளமாகப் பேசுகிறோம். "ரசனை அவரவர் விருப்பம், அதில் வாதாட ஒன்றுமில்லை" என்போம். சற்று நேரத்தில், "அவருக்கு ரசனையே கிடையாது" என்று ஒருவரைத் தள்ளிவைப்போம். பிறகு, "சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒப்புக்கொள்வோம். ரசனை அவரவர் விருப்பம் என்றால் கூச்சம் எதற்கு? கூச்சப்பட வேண்டிய விருப்பங்கள் உண்டு என்றால், வாதாட ஏதோ இருக்கிறது என்றுதானே ஆகிறது?

இந்தச் சிக்கலை அவிழ்க்க முடியும். பாட்டு பிடித்துப்போவது எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி உளவியலும் நரம்பியலும் கடந்த அறுபது ஆண்டுகளில் ஓரளவு தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. கூச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சமூகவியல் தனியாக ஆராய்ந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒளித்துவைத்துக் கேட்கும் பாட்டு அவ்வளவு மர்மமான விஷயமல்ல என்பது புரியும்.

## மூன்று வேலைகள்

பாட்டு ஒலிக்கும்போது நமக்குள் மூன்று வேலைகள் நடக்கின்றன. முதலாவது, பிடித்தல். உடம்பு அசைகிறது, மறுபடி கேட்கத் தோன்றுகிறது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இரண்டாவது, மதிப்பிடுதல். "சுருதி சுத்தமாக இருக்கிறது", "வரிகள் சோம்பேறித்தனமாக எழுதப்பட்டிருக்கின்றன" என்பவை இந்த வகை. இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை மற்றவர் மறுக்கவும் முடியும். மூன்றாவது, காட்டிக்கொள்ளுதல். நாம் எப்படிப்பட்ட ஆள் என்று பிறருக்குத் தெரிவிக்க இசையைப் பயன்படுத்துவது.

மூன்றும் ஒரே திசையில் போகும்போது நமக்குச் சிக்கல் இல்லை. பிடித்த பாடகர் திறமைசாலியாகவும் இருந்து, அவரைப் பிடிக்கும் என்று சொல்வது பெருமையாகவும் இருந்தால் நிம்மதி. ஆனால் பலருக்கும் இப்படியும் நேர்கிறது: ஒரு பாடகியின் வித்தையை மனமார மதிக்கிறோம், ஆனால் தனியாக இருக்கும்போது ஒருநாளும் அவர் பாட்டைத் தேடிப் போடுவதில்லை. இன்னொரு குரலை நான்கு பேர் முன்னால் ஆதரித்துப் பேசத் துணிய மாட்டோம், ஆனால் அதைத்தான் இரவில் கேட்கிறோம். இதில் முரண்பாடு எதுவும் இல்லை. வேலைகள் வேறு வேறு, அவ்வளவுதான்.

## கேட்கும் மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது

முதல் வேலையான பிடித்தலை எடுத்துக்கொள்வோம். பல வருடங்களாக ஏறி இறங்கிய மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். விளக்கு இல்லாவிட்டாலும் கால் தடுமாறாது. ஆனால் ஒரே ஒரு படி மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தால் உடம்பு முழுவதும் தூக்கிவாரிப் போடும். நீங்கள் அறியாமலே கால் அடுத்த படியைக் கணித்துக்கொண்டிருந்தது என்பதற்கு அந்த அதிர்ச்சியே சாட்சி.

காதும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு பாட்டின் இரண்டாவது சரணம் முடியும் இடத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். மெட்டு படிப்படியாக மேலே ஏறுகிறது. கடைசிச் சொல்லைப் பாடகர் இழுத்து நிறுத்துகிறார். தாள வாத்தியங்கள் சட்டென்று நின்றுவிடுகின்றன. பல்லவியின் முதல் சொல் இப்போது வர வேண்டும். வரவில்லை. அரை நொடி வெறுமை. அதற்குள் உங்கள் உதடு அந்தச் சொல்லுக்குத் தயாராகிவிட்டது, விரல் தட்டுவதற்குத் தூக்கியாயிற்று. பிறகு குரலும் தாளமும் ஒன்றாக வந்து இறங்குகின்றன. உள்ளுக்குள் ஏதோ விடுபட்டதுபோல் இருக்கிறது. சிலருக்குக் கையில் மயிர்க்கூச்செறிகிறது.

அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டியே போட்டுவைக்கும் இந்தக் கணக்குக்கு எதிர்பார்ப்பு என்று பெயர். கணக்கு எப்போதும் சரியாகவே இருந்தால் சலிப்பு வரும். எப்போதும் தவறினால் எரிச்சல் வரும். பெரும்பாலும் சரியாகி, அவ்வப்போது இனிமையாகத் தவறும்போதுதான் சுகம். மாடிப்படியில் தவறினால் அடிபடும். பாட்டில் தவறினால் எந்த ஆபத்தும் இல்லை. அதனால்தான் இசையில் ஏமாறுவதை நாம் விரும்பிக் கேட்கிறோம்.

இதை மூளைக்குள் பார்த்தவர்கள் உண்டு. மான்ட்ரியால் நகர ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு மெய்சிலிர்ப்பு தரும் இசையைப் பங்கேற்பாளர்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தார்கள். அதைக் கேட்கும்போது மூளையில் டோபமின் சுரப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். டோபமின் என்பது நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களில் ஒன்று. விரும்பிய ஒன்றை நோக்கி நம்மை இழுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. உச்சக் கணத்தில் ஒரு பகுதி இயங்கியது. அந்தக் கணம் வருவதற்குச் சில நொடிகளுக்கு முன்பே, எதிர்பார்ப்பின்போது, வேறொரு பகுதி இயங்கியது. காத்திருப்பும் இன்பத்தின் பகுதிதான் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் படித்ததில்லை.

அந்த ஆய்வின் அமைப்பில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஒருவருக்கு மெய்சிலிர்ப்பு தந்த இசையையே இன்னொருவருக்குச் சாதாரண இசையாகப் போட்டு ஒப்பிட்டார்கள். ஒரே ஒலிதான், ஒருவர் சிலிர்க்கிறார், பக்கத்தில் இருப்பவர் சும்மா கேட்கிறார். சிலிர்ப்பு பாட்டுக்குள் மட்டும் இருப்பதாக இருந்தால் இப்படி நடந்திருக்காது. கேட்பவர் கொண்டுவரும் எதிர்பார்ப்போடு பாட்டு உரசும் இடத்தில்தான் அது பிறக்கிறது.

இதுவரை பார்த்தது: பிடித்தல் என்பது தீர்ப்பு அல்ல. மூளை ஊகிக்கிறது, ஊகம் பலிக்கிறது அல்லது அழகாகத் தவறுகிறது, அதிலிருந்து இன்பம் எழுகிறது.

## ஊகம் எங்கே கற்கப்படுகிறது?

கேட்டுக் கேட்டுத்தான். தாய்மொழியின் இலக்கணத்தை யாரும் பாடம் நடத்தாமலே குழந்தை பிடித்துக்கொள்வதைப்போல, சுற்றிலும் ஒலிக்கும் இசையின் வழக்கங்களையும் பிடித்துக்கொள்கிறது. எந்தச் சுரத்துக்குப் பிறகு எது வரும், தாளம் எங்கே திரும்பும், பாட்டு எப்படி முடியும் என்பதெல்லாம் அப்படி உள்ளே படிந்தவை. அறிமுகமில்லாத இசை முதல் தடவையில் "ஒரே இரைச்சல்" என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஊகிக்க நம்மிடம் எதுவும் இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் வெளியிட்ட சோதனைகளில், பொருளற்ற சொற்களையும் முன்பின் அறியாத முகங்களின் படங்களையும் காட்டினார். அடிக்கடி கண்ணில் பட்டவற்றையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை. இதற்குப் பழக்க விளைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்: அடிக்கடி எதிர்ப்படுவதாலேயே ஒன்றின் மேல் விருப்பம் கூடுவது. இசைக்கும் இது பொருந்துகிறது.

ஆனால் விருப்பம் ஏறிக்கொண்டே போவதில்லை. ஓரளவுக்கு மேல் கேட்டால் இறங்கத் தொடங்குகிறது. டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் இதைக் கவிழ்த்த கிண்ணம்போன்ற வளைகோடாக விளக்கினார். மிகவும் எளிய பாட்டு சீக்கிரம் உச்சிக்குப் போய்ச் சீக்கிரம் இறங்கும். சிக்கலான பாட்டு மெதுவாக ஏறும், நெடுநாள் நிற்கும். ஒரு மாதம் எங்கு பார்த்தாலும் ஒலித்த பாட்டு அடுத்த மாதம் தாங்க முடியாததாகிவிடுவதும், முதலில் தட்டையாகத் தோன்றிய ஒரு பாட்டு பத்தாவது தடவையில் மனதைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

பாட்டுக் கட்டுபவர்களுக்கு இது என்றைக்கோ தெரியும். பல்லவி எதற்காகத் திரும்பத் திரும்ப வருகிறது? ஒரே பாட்டுக்குள் பழக்கத்தை உண்டாக்கத்தான். கர்நாடக இசையில் சங்கதி என்பது இந்த நுட்பத்தின் மிக அழகிய வடிவம் என்பேன். ஒரே வரி, ஆனால் ஒவ்வொரு தடவை பாடும்போதும் ஒரு வளைவு கூடுகிறது. தெரிந்ததும் தெரியாததும் ஒரே வரியில் கைகோத்து வருகின்றன. எதிர்பார்ப்பு பலிப்பதும் தவறுவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

ஒரு சிறு எச்சரிக்கை. மனதில் ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும் பாட்டெல்லாம் பிடித்த பாட்டு என்று எண்ண வேண்டாம். விளம்பரப் பாட்டின் இரண்டு வரி நாள் முழுக்கத் தலைக்குள் சுற்றும். அது நினைவின் வேலை, விருப்பத்தின் வேலை அல்ல.

## பாடகர்மேல் மட்டும் ஏன் இத்தனை பாசம்?

மெட்டு, தாளம், வாத்தியம் எல்லாம் இருந்தும் நாம் சண்டை போடுவது பெரும்பாலும் பாடகர்களுக்காகத்தான். காரணம், குரல் வெறும் ஒலி அல்ல. நம் காதுக்கு அது ஒரு மனிதர்.

தொலைபேசியில் "ஹலோ" என்ற ஒற்றைச் சொல்லிலேயே பேசுவது யார் என்று தெரிந்துவிடுகிறது. ஒரே சுரத்தை ஒரே அளவு சத்தத்தில் இருவர் பாடினாலும் வேறு வேறாகக் கேட்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் குரலின் நிறம் என்று பெயர். அது எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் வினாடிக்கு 220 அதிர்வு உள்ள சுரத்தைப் பாடினால் 220 மட்டும் ஒலிப்பதில்லை. 440, 660, 880 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. தொண்டை, வாய், நாக்கு ஆகியவற்றின் வடிவத்துக்கு ஏற்பச் சில மடங்குகள் தூக்கலாகவும் சில மங்கலாகவும் வெளியே வருகின்றன. அந்த ஏற்ற இறக்கம்தான் ஒரு குரலை அந்தக் குரலாக்குகிறது. குரல்நாண்கள் முழுவதும் மூடாமல் காற்று கசிந்தால் கரகரப்பும் மூச்சொலியும் சேரும். இலக்கணப்படி பார்த்தால் அது குறை. கேட்பவருக்கோ, அதுவே நெருக்கம்.

இந்த நெருக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் பாடகரின் குரல் அரங்கின் கடைசி வரிசைவரை தானாகவே போய்ச் சேர வேண்டும். 1925 வாக்கில் மின்முறை ஒலிப்பதிவு வணிகத்துக்கு வந்தது. ஒலிவாங்கியின் அருகில் நின்று மெல்லப் பாடினாலும் போதும் என்ற நிலை ஏற்பட்டது. சாதாரணமாக, ஒருவர் நம் காதருகே வந்தால் மட்டுமே அவருடைய மூச்சொலி கேட்கும். ஒலிவாங்கி அந்த ஒலியை உலகத்துக்கே கொடுத்துவிட்டது. சரணத்துக்கு முன்னால் பாடகி மூச்சை உள்ளே இழுப்பதைக் காதில் மாட்டிய ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். முன்பின் பார்த்திராத ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருப்பதாகவே மூளை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பாடகரை யாராவது குறைத்துப் பேசினால் நம் ஆளைப் பேசியதுபோல் சுருக்கென்று தைப்பதில் வியப்பில்லை.

"அவர் சுருதி விலகுகிறார், அவரைப் போய் எப்படிப் பிடிக்கிறது?" என்ற கேள்வி ஏன் எடுபடுவதில்லை என்பதும் இங்கே தெரிகிறது. சுருதி என்பது மதிப்பீட்டுக் கேள்வி. கேட்பவரை இழுத்ததோ குரலின் நிறம். சுருதியைச் சரிசெய்யும் மென்பொருள் 1997இலேயே வந்துவிட்டது. சுருதி சுத்தம் மட்டுமே போதும் என்றால் இன்றைக்கு எல்லாப் பாடகர்களையும் நமக்கு ஒரே அளவு பிடித்திருக்க வேண்டும்.

## "எங்கள் காலத்துப் பாட்டுபோல் வருமா?"

வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கச் சொன்னால் நடுவயதைத் தாண்டியவர்கள் பதின்ம வயதையும் அதை அடுத்த சில ஆண்டுகளையும் பற்றியே அதிகம் பேசுகிறார்கள். நினைவாற்றல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தென்பட்ட விஷயம் இது. நினைவு மேடு என்று சொல்லலாம். அந்த வயதில் கேட்ட பாட்டுகளும் அதே மேட்டில்தான் நிற்கின்றன. முதல் நட்பு, முதல் பிரிவு, முதன்முதலாக வீட்டை விட்டுப் போனது எல்லாம் அந்த வயதில் நடக்கின்றன. பாட்டு அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

பழைய பாட்டே சிறந்தது என்ற நம்பிக்கைக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்திலும் மட்டமான பாட்டுகள் ஏராளமாக வந்தன. அவற்றை எல்லோரும் மறந்துவிட்டோம். காலம் சலித்து மிச்சம் வைத்ததையும் சலிக்கப்படாத இந்த வருடத்துப் பாட்டுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை.

சுருக்கமாக: பிடித்தலுக்குப் பின்னால் ஊகம், பழக்கம், குரலின் நெருக்கம், வயதின் நினைவு ஆகியவை இருக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட, "இந்தப் பாட்டு உயர்ந்ததா?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி வெளியிலிருந்து வருகிறது.

## மற்றவர்களின் காது

2006இல் மேத்யூ சால்கானிக் உள்ளிட்ட சமூகவியலாளர்கள் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். யாரும் அதிகம் அறியாத குழுக்களின் 48 பாட்டுகள். இணையம் வழியாகக் கேட்டவர்கள் 14,000க்கும் மேற்பட்டோர். ஒரு பிரிவினர் மற்றவர்களின் தேர்வைப் பார்க்காமல் கேட்டார்கள். மீதிப் பேரை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலகத்திலும் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது தெரியும்.

பாட்டுகள் ஒன்றேதான். ஆனால் எட்டு உலகங்களிலும் முன்னணிப் பாட்டுகள் வேறுபட்டன. ஓர் உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னோர் உலகத்தில் நடுவில் கிடந்தது. தரத்துக்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது: மிகச் சிறந்தவை அடிமட்டத்துக்குப் போவதும் மிக மோசமானவை உச்சிக்கு வருவதும் அரிதாகவே நடந்தன. இடைப்பட்ட பெருங்கூட்டத்துக்கோ என்ன வேண்டுமானாலும் நேரலாம். "எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் நல்ல பாட்டு" என்பவரும், "எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் மட்டமான பாட்டு" என்பவரும் இந்தச் சோதனையை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கூச்சத்தின் வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் போர்தியூ 1979இல் விரிவாக எழுதியது இது: ரசனை என்பது ஒருவரின் வர்க்கத்தையும் படிப்பையும் காட்டும் அடையாள அட்டைபோல வேலை செய்கிறது; எதை விரும்புகிறோம் என்பதைவிட எதை விரும்பாதவர் என்று காட்டுகிறோம் என்பதே சில நேரங்களில் முக்கியமாகிறது. பிறகு 1990களில் ரிச்சர்ட் பீட்டர்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், மேல்தட்டினர் உயர்ந்தது என்று சொல்லப்படும் இசையோடு நில்லாமல் பலவகை இசையையும் கேட்பவர்களாக மாறிவருவதை எடுத்துக்காட்டினார்.

எந்த இசைக்குக் கூச்சப்பட வேண்டும் என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால், ரசனை அடையாள அட்டையாக வேலை செய்வது புலப்படும். டேங்கோ என்பது தென் அமெரிக்காவின் புவனஸ் ஐரிஸ், மான்ட்டிவிடியோ நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த இசை. கண்ணியமான வீடுகள் முதலில் அதை முகம் சுளித்தே பார்த்தன. 2009இல் யுனெஸ்கோ அதை மனிதகுலப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் ஒரு விளையாட்டரங்கில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று அந்த இசையை மதிப்போடு ஆராய்கிறார்கள். இசை மாறவில்லை, அதைக் கேட்டவர்கள் யார், அவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதுதான் மாறியது. பதின்வயதுப் பெண்கள், உழைக்கும் மக்கள், நடனக் கூடங்களுக்குப் போகிறவர்கள் ஆகியோர் கொண்டாடும் இசையே எப்போதும் முதலில் கேலிக்கு ஆளாகிறது. இது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

## ஒளித்து ரசிக்கும் பாட்டு

ஹெட்போனில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இணைப்பு அறுந்து, பாட்டு கைப்பேசியின் ஒலிபெருக்கியிலிருந்து அறை முழுவதும் ஒலிக்கிறது. மதிப்புக்குரிய பாட்டாக இருந்தால் நிதானமாக நிறுத்துவீர்கள். ஒளித்த பாட்டாக இருந்தால் கட்டைவிரல் பறக்கும். அந்த ஒரு நொடிக்கு முன்வரை பாட்டு அதே இன்பத்தைத்தான் தந்துகொண்டிருந்தது. அறையில் மற்றவர்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டுமே புதிதாகச் சேர்ந்தது. பிடித்தல் ஒரு பக்கமும் காட்டிக்கொள்ளுதல் எதிர்ப்பக்கமும் இழுக்கும்போது நடுவில் உண்டாவதே இந்தக் கூச்சம்.

ஆனால் எல்லாக் கூச்சத்தையும் ஒரே கூடையில் போடக் கூடாது. "இந்த மாதிரிப் பாட்டைக் கேட்கிறவனா நீ?" என்ற பார்வைக்குப் பயந்து வருவது ஒன்று, அதை உதறிவிடலாம், இழப்பு எதுவும் இல்லை. வரிகள் சப்பென்று இருக்கின்றன, மெட்டு மட்டும் இழுக்கிறது என்பதால் வருவது இன்னொன்று. அங்கே மதிப்பீடும் விருப்பமும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்கின்றன. "மெட்டு பிடிக்கும், வரிகள் பிடிக்காது" என்று சொன்னாலே போதும். மூன்றாவது வகைதான் உண்மையில் கனமானது. பாட்டின் வரிகள் பெண்களையோ ஒரு சமூகத்தையோ இழிவுபடுத்துகின்றன. அல்லது பாடியவர் வாழ்க்கையில் பிறருக்குத் தீங்கு செய்தவர். இங்கே எழும் உறுத்தல் மனசாட்சியுடையது. மெட்டு இனிமையாக இருப்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தப் பாட்டைத் தொடர்ந்து கேட்பதா, அதற்குப் பணம் போவதை ஏற்பதா என்பதை ஒவ்வொருவரும் யோசித்தே முடிவெடுக்க வேண்டும். முதல்வகைக் கூச்சத்தைக் காட்டி இந்த உறுத்தலையும் சேர்த்துத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

## அப்படியானால் எல்லாப் பாட்டும் ஒன்றுதானா?

இல்லை. பிடிப்பதற்குக் காரணம் தேவையில்லை என்பதால் மதிப்பிடவே கூடாது என்று ஆகிவிடாது. பல்லவி திரும்பி வரும்போது முதலில் இல்லாத ஏதாவது சேர்கிறதா? சொல்லின் பொருளுக்கு ஏற்ப மெட்டு நெகிழ்கிறதா, அல்லது எந்தச் சொல்லை வைத்தாலும் பொருந்தும்படி வெறும் அச்சாக இருக்கிறதா? இடையிசை பாட்டை எங்காவது கொண்டுபோகிறதா? இவற்றைப் பற்றி இருவர் நெடுநேரம் பேசலாம், ஒருவர் மற்றவரின் எண்ணத்தை மாற்றவும் செய்யலாம். பேசி முடித்த பிறகும் அவரவர் பட்டியல் அப்படியே இருக்கலாம்.

இசையில் இன்பமே காணாதவர்களும் உண்டு. பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குச் சுரமும் தாளமும் நன்றாகப் புரிகின்றன, வேறு இன்பங்களும் அவர்களுக்குக் குறைவில்லை, ஆனால் இசை மட்டும் எதையும் கிளப்புவதில்லை என்று தெரியவந்தது. அப்படிப்பட்டவரை ரசனையற்றவர் என்று ஒதுக்குவது, அவருடைய மூளையின் அமைப்புக்கு அவரைத் திட்டுவதாகும்.

புதிய இசைவகை ஒன்றைப் பழக விரும்பினால், முதல் தடவை தாளத்தை மட்டும் பின்தொடருங்கள். வேறு எதையும் புரிந்துகொள்ள முயல வேண்டாம். அடுத்த தடவை குரலோடு போங்கள், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்தச் சொல்லை அழுத்துகிறார் என்று கவனியுங்கள். பிறகு சில நாள் விட்டு மறுபடி போடுங்கள். அடுத்த வரி வருவதற்கு முன்பே அது மேலே போகுமா கீழே வருமா என்று உள்ளே ஓர் ஊகம் எழுந்தால், காது வேலையைத் தொடங்கிவிட்டது. பிடிக்கிறதா இல்லையா என்று அதற்குப் பிறகு சொல்லலாம்.